முதல் வகுப்பு

புக்கரெஸ்டில் முதல் வகுப்பு என்றால்
முதலில் விழக்கூடியது என்று பொருள்.

ஏழு மாடி. முப்பத்தாறாம் வருடத்துக் கட்டடம்.
வளைந்த பால்கனிகள், தெருமுனையில் கப்பல் மூக்கு.
லிஃப்டில் மூன்றாமவர் ஏறினால்
முதல் இருவரும் மூச்சை அடக்க வேண்டும்.
மீள்சுத்தியலோடு வந்திருக்கிறேன்.
கான்கிரீட்டில் மோதி எவ்வளவு துள்ளித் திரும்புகிறதோ
அவ்வளவு உறுதி.
முப்பத்திரண்டு. இருபத்தாறு. இருபது.
மாடிப்படிக்கு அடியிலிருந்த தூணில் பதினான்கு.
சுத்தியலைச் சந்தேகித்து மறுபடி அடித்தேன்.
பதினான்கு.

குடியிருப்போர் சங்கத்தின் ஹோரியா தூமித்ராக்கே
என் பின்னாலேயே வருகிறார்,
ஒவ்வொரு எண்ணும் தன் பையிலிருந்து போவதுபோல.
"எழுபத்தேழில் நின்றது, இன்ஜினியரம்மா.
எதிர்வீடு உட்கார்ந்துவிட்டது. இது நின்றது."
நின்றது உண்மை.
நின்ற களைப்பு எங்கே போயிற்று
என்பதுதான் என் கேள்வி.

மூன்றாம் மாடியில் சுவர்த்தாளை உரித்தோம்.
மூலைக்கு மூலை ஒரு விரிசல்.
உள்ளே செய்தித்தாள் திணித்து, மேலே பசை,
பசைக்கு மேலே ரோஜாப்பூ.
தாளை உருவினேன்:
கால்பந்து முடிவுகள். யாரோ மூன்றுக்கு ஒன்று.

கீழ்த்தளம் மருந்துக்கடை.
வரைபடத்தில் ஒன்பது தூண்.
எண்ணினேன். எட்டு.
வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து எண்ணினேன்.
எட்டு.
ஒன்பதாவது நிற்க வேண்டிய இடத்தில்
தரையிலிருந்து கூரைவரை ஒரு நிலைக்கண்ணாடி,
அதில் அளவுநாடாவோடு நான்.
"எங்களுக்கு முன்னால் தையற்கடை" என்றாள் மருந்துக்கடைக்காரி,
"துணி விரிக்க இடைஞ்சல் என்று வெட்டியிருப்பார்கள்."
ஒன்பது பேர் சுமந்ததை எட்டுப் பேர் சுமக்கிறார்கள்.
கான்கிரீட் முறையிடாது.
அதுதான் அதனிடம் உள்ள குறை.

மாலையில் ஹோரியா காபி வாங்கித் தந்தார்,
புளிச்செர்ரி ஜாமும். குரலைத் தாழ்த்தினார்.
"ரோமன் எண்ணில்தானே எழுதுவீர்கள்?
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடுதானே.
வாசலில் சிவப்பு வட்டம் ஒட்டிவிட்டால்
வங்கிக்காரன் படி மிதிப்பானா?
என் மகள் வீட்டை விற்றுத்தான் படிக்கப் போக வேண்டும்.
ஒரு கோடு, இன்ஜினியரம்மா."

மருந்துக்கடையில் நான் தேடியதும் அதுதான்:
ஒரு கோடு, செங்குத்தாக,
நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில்.
தாளில் நட்டால் தரையில் முளைக்கும் என்றால்
விடிய விடிய நடுவேன்.

கணிப்பொறி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது.
ஐம்பது வருடத்தில் இத்தனை சதவீதம்.
எந்த வருடம், சொல்லாது.
தூங்கும்போதா, சமைக்கும்போதா, சொல்லாது.
வ்ரான்ச்சா மலைகளுக்கு அடியில் நூறு கிலோமீட்டர் ஆழத்தில்
நிலம் வேறொரு பேரேட்டில்
தன் வரவு செலவை எழுதிக்கொண்டிருக்கிறது.
நான் மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் காப்பியடிக்கிறேன்.

ஒரே ஒரு கோடு போட்டேன்.
ஹோரியா என் கையை வெறுமனே பார்த்தார்.
காபிக்குக் காசு வைத்தேன். எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் மாடி ஸெனோவியா மட்டும்
எந்த வகுப்பு என்று கேட்கவே இல்லை.
டிராம் ஓட்டுகிறவள். இன்னும் சீருடையில் இருந்தாள்.
"கட்டிலை எந்தப் பக்கம் போடலாம்?"
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தலைமாட்டில் பீரோ, பீரோமேல் ஊறுகாய் ஜாடிகள்,
அதற்குப் பின்னால் இரும்புக்கம்பி காணாத செங்கல் தடுப்பு.
"இந்தச் சுவரை விட்டு" என்றேன்.
"ஆடினால் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள்."

இருவருமாகத் தள்ளினோம்.
கட்டில் முனகியது. கீழ்வீட்டில் யாரோ
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்கள்.
பழைய இடத்தில், பலகைத் தரையில் நான்கு குழி,
பத்து பானி நாணயம் அளவுக்கு.
முட்டி போட்டு ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தேன்.

"பீரோவை நாளை பார்க்கலாம்" என்றாள்,
"நாலு மணிக்கு டிப்போவில் இருக்கணும்."